மாற வேண்டியது வாய்க்கால் அல்ல

அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டுவதைவிட, நானே சொல்லித் திட்டு வாங்கிக்கொள்வது மரியாதை.

என் பெயர் இஹ்ஸான். கல்முனையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. கிளாக்கர் என்று கேட்டால் கையைப் பிடித்து வீட்டு வாசல்வரை கூட்டிவந்து விடுவார்கள். முப்பத்தொரு வருடம் கந்தோரில் கிளாக்கர் வேலை பார்த்துவிட்டு பென்ஷன் எடுத்தவன். சவளக்கடைக்கு அங்கால் எனக்கு ஓர் ஏக்கர் வயல் இருக்கிறது. என் வரம்பை ஒட்டினாற்போல, அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடுகிற மீராசாஹிபுவின் மூன்று ஏக்கர். எனக்கு வயல் ஒரு பொழுதுபோக்கு. பென்ஷன் வருகிறது, மகன் கட்டாரில் இருக்கிறான். காக்காவுக்கு வயல்தான் சோறு. அவருக்கும் அவர் மனைவி பஸ்லியாவுக்கும் வேறு வருமானம் கிடையாது. அந்த மூன்று ஏக்கரும் விளைந்தால் அடுப்பு எரியும், விளையாவிட்டால் எரியாது.

இந்தச் சிறுபோகத்தில் எங்கள் கிளை வாய்க்காலின் இரும்புக் கதவு பாதியில் இறுகி நின்றுவிட்டது. துருப்பிடித்திருந்தது. அடியில் நாலு விரல் இடைவெளி. அதனூடாக வருகிற தண்ணீர் மேலே இருக்கிற என் வயலை நனைத்து, காக்காவின் மேல்கண்டத்தை நக்கிவிட்டு, அதோடு முடிந்துவிடும். கீழ்க்கண்டம் இரண்டு ஏக்கர். அங்கே ஒரு சொட்டு இல்லை. வெள்ளாமையோ குடலைப் பருவம். தண்டுக்குள் கதிர் உருவாகிற நேரம். அந்த நாட்களில் வேரடியில் தண்ணீர் நிற்காவிட்டால் கதிர் வரும், ஆனால் உள்ளே அரிசி இருக்காது. போதாததற்குக் கச்சான் காற்று வேறு, பகல் முழுக்க அனலாக அடித்தது.

கதவைத் திருக ஒரு திறப்பு உண்டு. முழங்கை நீளத்து இரும்பு. அதைப் போட்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திருகினால் திறந்துவிடும். திறப்பு வாய்க்காலுக்குப் பொறுப்பான கந்தோரின் அலுமாரிக்குள் இருந்தது. அதில்லாமல் கதவில் கைவைத்தால் அரச சொத்துக்குச் சேதம் என்று வழக்கு வரும். இரண்டு வருடத்துக்கு முன் ஒருவருக்கு வந்தது, இன்னும் நடக்கிறது.

அது எந்தக் கந்தோர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கும் ஒரு பயிற்சி வைத்துவிடுவார்கள்.

முறைப்பாட்டுக் கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். மூன்றே வரி. கதவு இறுகிவிட்டது. தண்ணீர் வரவில்லை. வெள்ளாமை காய்கிறது. காக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நானே மோட்டார் சைக்கிளில் போனேன். முன்பு முறைப்பாடு எடுக்கிற மேசை இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய பதாகை தொங்கியது. "மாற வேண்டியது வாய்க்கால் அல்ல, நாம்." அதன் கீழே முர்ஷித் என்றொரு உத்தியோகத்தர். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல பிள்ளை, நெஞ்சில் கைவைத்து ஸலாம் சொன்னான். கடிதத்தை வாங்கினான், வாசித்தான், சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று இடத்தில் கோடு போட்டான்.

"இறுகிவிட்டது. வரவில்லை. காய்கிறது. மூணு வரியில மூணு எதிர்மறைச் சொல்லு. இத நான் எப்படி மேல அனுப்புற காக்கா?"

"தண்ணி இல்ல தம்பி. அத வேற எப்படிச் சொல்லுற?" என்று காக்கா கேட்டார்.

"தண்ணி வரப்போகுது எண்டு சொல்லலாமே."

"வரப்போகுதா?" காக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், அவர் அதைத் தகவல் என்று எடுத்துக்கொண்டார்.

முர்ஷித் பொறுமையாக விளங்கப்படுத்தினான். விவசாயிகளின் பிரச்சினைகளில் நூற்றுக்கு எண்பத்திரண்டு வீதம் மனப்பாங்கில் இருந்துதான் வருகிறதாம். ஆய்வு செய்து கண்டுபிடித்திருக்கிறார்களாம். ஆகவே முறைப்பாடு கொடுக்கிறவர் முதலில் மூன்று நாள் மனப்பாங்கு மேம்பாட்டுப் பயிற்சி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் முறைப்பாடு மிச்சமிருந்தால் எடுப்பார்கள்.

"முந்தி கதவுகளுக்கு கிறீஸ் பூச ஒராள் இருந்தாரே" என்று நான் கேட்டேன்.

"அவர் பென்ஷனுக்குப் போயிட்டார் சேர். அந்தப் பதவிக்குத்தான் என்னை எடுத்த. இப்ப எங்கட அலகுல மனசுக்குப் பதினேழு பேர் இரிக்கிறம். கதவுக்கு ஆள் எடுக்க அனுமதி இல்ல. திருகாணி வாங்கவும் மூணு கொட்டேஷன் வேணும். மனச மாத்த ஒண்டும் வேணாம் பாருங்க, அதுக்கு நிதி ஏற்கெனவே வந்து கிடக்கு."

ஒளிவுமறைவு இல்லாத பையன். அதைப் பெருமையாகவே சொன்னான்.

பயிற்சிக்கு எங்கள் வயல் வட்டையில் இருந்து பதினான்கு பேர் போனோம். எனக்கு முறைப்பாடு இல்லை, ஆனாலும் காக்காவுக்குப் படிவம் நிரப்ப ஆள் வேண்டும் என்று நானும் போனேன். ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முர்ஷித் பத்தரைக்கு வந்தான். வந்ததும் நேர முகாமைத்துவம் பற்றிப் பாடம் எடுத்தான்.

"வெற்றி பெற்றவங்க எல்லாரும் காலையில அஞ்சு மணிக்கு எழும்புறவங்க. நாளையில இருந்து நீங்களும் அஞ்சு மணிக்கு எழும்போணும்."

மீராசாஹிபு காக்கா கையை உயர்த்தினார். "நான் மூண்டரைக்கு எழும்புறன் சேர். வயலப் பாத்துப்போட்டுத்தான் சுபஹுக்குப் பள்ளிக்குப் போற. அப்ப இன்னும் ஒண்டரை மணித்தியாலம் படுக்கோணுமா?"

முர்ஷித் கொஞ்சம் யோசித்தான். கையேட்டைப் புரட்டிப் பார்த்தான். அதில் மூன்றரை இல்லை.

"ஓம் காக்கா. அஞ்சு எண்டா அஞ்சு. ஒழுக்கம் எண்டுறது அதுதான்."

காக்கா அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். அவர் எதையும் பகிடியாக எடுக்கத் தெரியாத மனிதர். சொன்னதைச் செய்வார், செய்யாததைச் சொல்ல மாட்டார். இந்தக் கதையில் எல்லாச் சிக்கலும் அந்தக் குணத்தால்தான் வந்தது.

பிறகு உடல் நலம். ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பை தண்ணீர் குடிக்க வேண்டும், தண்ணீர் இல்லாமல் ஒரு கலமும் வாழாது என்று படம் போட்டுக் காட்டினார்கள். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் கொடுத்தார்கள். சுவரோரம் பெட்டி பெட்டியாகத் தண்ணீர்ப் போத்தல் அடுக்கியிருந்தது. பதினான்கு விவசாயிகள் அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இத வீட்ட கொண்டு போகலாமா?" என்று காலிதீன் கேட்டான். அவன் வயல் வாய்க்காலின் கடைசியில், காக்காவுடையதற்கும் கீழே. அங்கே நிலம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது.

"எதுக்கு?"

"ஒரு பாத்திக்காவது ஊத்துவம்."

முர்ஷித் அவனுடைய பெயருக்கு நேரே "குறுகிய சிந்தனை" என்று எழுதினான். நான் எட்டிப் பார்த்தேன். முப்பத்தொரு வருடப் பழக்கம், தலைகீழாக இருந்தாலும் வாசித்துவிடுவேன்.

அன்றைக்கு எல்லாருக்கும் ஒரு நன்றிக் கொப்பி தந்தார்கள். ஒவ்வொரு நாளும் நன்றி சொல்ல மூன்று விடயம் எழுத வேண்டும். "நான் அஞ்சு வக்துத் தொழுகைக்குப் பொறவும் அல்ஹம்துலில்லாஹ் சொல்றன் சேர்" என்றார் காக்கா. ஒவ்வொரு தரமும் முப்பத்து மூன்று தடவை.

"எழுத்தில இல்லியே காக்கா" என்றான் முர்ஷித். "எழுத்தில இல்லாட்டி நாங்க எப்படி அறிக்கையில சேர்க்கிற?"

மறுநாள் கொப்பிகளைச் சேகரித்து வாசித்தார்கள். காக்கா எழுதியிருந்தது இது. ஒன்று, மேல்கண்டத்துக்கு நாலு விரல் தண்ணீர் வந்தது. இரண்டு, இன்றும் நாலு விரல் வந்தது. மூன்று, ஐந்து மணிவரை படுத்தேன், அதற்குள் மாடு பூந்து வெள்ளாமையைத் தின்றது, எல்லாவற்றையும் தின்னவில்லை. முர்ஷித் மூன்றாவதை மட்டும் சத்தமாக வாசித்துக் கைதட்டச் சொன்னான். தட்டினோம்.

இரண்டாம் நாள்தான் கதவுப் பயிற்சி. தடை என்பது வெளியில் இல்லை, நமக்கும் தடைக்கும் உள்ள உறவில்தான் இருக்கிறது என்று முர்ஷித் சொன்னான். காலிதீனை நடுவில் நிறுத்தி, கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டச் சொன்னான்.

"இவர்தான் வாய்க்கால் கதவு. ஒவ்வொருத்தரா வந்து கதவோட அன்பாக் கதைங்க. கோபமாக் கதைச்சா கதவு இறுகும். அன்பாக் கதைச்சாத் திறக்கும்."

பதினான்கில் பதின்மூன்று பேர் வரிசையில் நின்றோம். மீராசாஹிபு காக்கா முதலாவது. காலிதீனுக்கு முன்னால் போய் நின்றார். என்ன கதைப்பதென்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"கதவே" என்றார். பிறகு நிறுத்திவிட்டார். "சேர், இது காலிதீன்."

"கதவு காக்கா."

"இவன்ட வாப்பாவ எனக்குத் தெரியும் சேர்."

"மனசத் திறந்து கதைங்க."

காக்கா பெருமூச்சு விட்டார். "கதவே, நீ கொஞ்சம் திறந்தா நல்லம். கீழ்க்கண்டம் ரெண்டு ஏக்கரும் காயுது. பஸ்லியாவும் நானும் மாத்திரம்தான். வேற ஒண்டும் இல்ல எங்களுக்கு."

காலிதீனின் கண் கலங்கிவிட்டது. கையை அவிழ்த்தான். முர்ஷித் துள்ளிக் குதித்தான். "பாத்தீங்களா, திறந்திட்டு!" அன்றைய அறிக்கையில் "கதவு திறக்கப்பட்டது" என்று ஒரு வரி ஏறியது. அடைப்புக்குறிக்குள் "பயிற்சியில்" என்று போட்டிருந்ததை மேலே அனுப்பிய பிரதியில் யாரோ வெட்டிவிட்டார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. மற்றப் பன்னிரண்டு பேருக்கும் திறந்து மூடித் திறந்து காலிதீனுக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. லுஹருக்குப் பிறகு அவன் கதவாக இருந்துகொண்டே, "நான் திறந்துட்டன் சேர், இனி இரிக்கலாமா?" என்று கேட்டான்.

வரும் வழியில் கிட்டங்கித் தாம்போதியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தச் சொன்னார் காக்கா. இறங்கி, தாம்போதிக்குக் கீழே போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நான் ஏதும் பிழை செஞ்சனா?"

"இல்ல காக்கா."

"மறுகா ஏன் என்னைத் திருத்துறாங்க?"

என் வாய் கிளாக்கர் வாய். "ஒரு நாள்தான் காக்கா. நாளைக்கு முடிஞ்சா முறைப்பாட்ட எடுத்துருவாங்க."

மூன்றாம் நாள் கடைசிப் பாடம். மனம் எதை நம்புகிறதோ அது நடக்கும். ஆகவே நடக்க வேண்டியதை நடந்துவிட்டதாகவே எழுத வேண்டும். ஆளுக்கொரு படிவம். "எனது வயலில்" என்று அச்சடித்து, பிறகு ஒரு நீளமான கோடு.

"தண்ணீர் நிறைந்து நிற்கிறது எண்டு எழுதுங்க" என்றான் முர்ஷித்.

காக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். "சேர், தண்ணி இல்லியே."

"அதுக்குத்தான் எழுதச் சொல்ற."

"இல்லாதத இரிக்கு எண்டு எழுதினா பொய்யில்லியா? இன்ஷா அல்லாஹ் எண்டு ஒரு சொல்லுப் போடுவமா? இன்ஷா அல்லாஹ் நிறைஞ்சு நிக்கும் எண்டு."

முர்ஷித் குரலைத் தாழ்த்தினான். நான் முன்பே சொன்னேன், நல்ல பிள்ளை. "காக்கா, நானும் முஸ்லிம்தான். இன்ஷா அல்லாஹ்வ மனசுக்குள்ள சொல்லுங்க, கூலி கிடைக்கும். படிவத்துல போட்டா மேல இரிக்கிறவங்களுக்கு இன்னும் நடக்கல்ல எண்டு விளங்கிரும்."

"இன்னும் நடக்கல்லதானே?"

மற்றவர்கள் எழுதி முடித்துவிட்டு ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். காக்கா ஒருவர்தான் மிச்சம். அவர் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். "தம்பி, நீ படிச்சவன். வாசிச்சுப் பாத்துச் சொல்லு. கையெழுத்து வைக்கலாமா?"

படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் நாலு வரி இருந்தது. நான் வாசிக்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் ஆயிரக்கணக்கான ஆட்களிடம் விரலால் இடத்தைக் காட்டி "இஞ்ச வைங்க" என்று சொன்னவன் நான். அவர்களும் வாசித்ததில்லை, நானும் வாசித்ததில்லை. அதுதான் கந்தோர்.

"வாசிச்சன் காக்கா. சும்மா கடதாசி. இஞ்ச வைங்க."

வைத்தார். உதடு மட்டும் அசைந்தது. இன்ஷா அல்லாஹ் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஒரு கிழமை பார்த்தோம். கதவுக்கு ஒருவரும் வரவில்லை. கீழ்க்கண்டத்தில் இலை ஊசியாகச் சுருண்டது. எட்டாம் நாள் மறுபடி கந்தோருக்குப் போனோம். முர்ஷித் கோப்பை எடுத்துக் காட்டினான். மேலே பச்சை முத்திரை. "தீர்க்கப்பட்டது."

"எப்படித் தீர்ந்த?" என்று காக்கா கேட்டார்.

"நீங்கதானே காக்கா எழுதித் தந்த." படிவத்தைத் திருப்பிச் சின்ன எழுத்தை விரலால் காட்டினான். நான் அப்போதுதான் வாசித்தேன். மேற்கூறிய நிலை எய்தப்பட்டுள்ளதை உறுதிப்படுத்துகிறேன். இது தொடர்பாக எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. இனியும் இராது.

காக்கா அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நடப்பம், கிளாக்கர்" என்றார்.

இருபது வருடமாகத் தம்பி என்று கூப்பிட்டவர். அதற்குப் பிறகு நாலு நாள் எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. வரம்பில் எதிர்ப்பட்டால் ஸலாம் மட்டும். பஸ்லியா ராத்தா வேலியோரம் என்னைக் கண்டு, "உங்கள நம்பித்தானே அவர் வச்ச" என்று மட்டும் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. என் வயலில் நாலு விரல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது வேறு.

ஐந்தாம் நாள் கந்தோரில் இருந்து தொலைபேசி வந்தது. மாவட்டத்தின் சிறந்த மனப்பாங்கு மாற்ற விவசாயியாக மீராசாஹிபு தெரிவுசெய்யப்பட்டிருக்கிறாராம். படிவத்தைக் கடைசியாக நிரப்பியவர் அவர்தானாம். நீண்ட மனப்போராட்டத்தின் பின் மாறியவர் என்று அறிக்கையில் போயிருக்கிறது. பணிப்பாளர் ஸுஹைறா மேடம் வெற்றிக் கதையை வீடியோ எடுக்க அன்றைக்கே வயலுக்கு வருகிறார்.

வந்தார்கள். இரண்டு வாகனம், கமராக்காரர், முர்ஷித், காற்சட்டையை முழங்கால்வரை மடித்த ஒரு தொழில்நுட்ப ஆள். நானும் காலிதீனும் வரம்பில் நின்றோம். மேடம் வாகனத்தை விட்டிறங்கி, கச்சான் காற்றுக்கு முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு, வயலைப் பார்த்தார்.

"தண்ணீர் எங்கே?"

"இல்ல மேடம்" என்றார் காக்கா.

"நிறைந்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறதே. வெடித்த நிலத்தை வைத்து நான் எப்படி வெற்றிக் கதை எடுப்பது? முர்ஷித், கொஞ்சம் தண்ணீர் விடச் சொல்லுங்கள். படத்துக்கு."

தொழில்நுட்ப ஆள் வாகனத்தில் இருந்து இரும்புத் திறப்பை எடுத்து வந்தான். கதவின் திருகில் எண்ணெய் ஊற்றினான், சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினான். மீதியைக் காக்கா தன் கையால் திருக வேண்டும் என்று மேடம் சொன்னார். விவசாயியின் தன்னம்பிக்கையே கதவைத் திறக்கிறது என்று காட்ட. காக்கா திருகினார். கதவு முனகிக்கொண்டு மேலேறியது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். எண்ணெய் ஊற்றியதில் இருந்து ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்துக்காக நாங்கள் பதினாறு நாள் திருந்தியிருக்கிறோம்.

தண்ணீர் நுரைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கியது. மேல்கண்டம் நிறைய ஒரு மணித்தியாலம் எடுத்தது. மேடம் அதுவரை வாகனத்துக்குள் இருந்தார். பிறகு வரம்பில் நின்று கமராவைப் பார்த்துப் பேசினார்.

"நான் இந்தப் பதவிக்கு வரும்போது நாலாயிரம் முறைப்பாடுகள் இருந்தன. இன்று பூச்சியம். இதற்காக ஒரு வாய்க்காலைக்கூட நாங்கள் திருத்தவில்லை. ஒரு கதவைக்கூட மாற்றவில்லை. ஒரு லோட் கொங்கிறீற்றுக்கூடக் கொட்டவில்லை. மக்களை மட்டுமே மாற்றினோம். இதே முறையை அடுத்த வருடம் வீதிகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் கொண்டுபோக இருக்கிறோம்."

முர்ஷித் கைதட்டினான். நாங்களும் தட்டினோம், பழகிவிட்டது.

படப்பிடிப்பு முடிந்ததும் தொழில்நுட்ப ஆள் காக்காவிடம் கையை நீட்டினான். "திறப்பத் தாங்க. மூடிப்போட்டுப் போகோணும்."

"மூடவா?" காக்கா திறப்பைத் தோளில் சாத்தியபடி நின்றார்.

முர்ஷித் இடையில் வந்தான். "காக்கா, பதிவேட்டின்படி உங்கட வயல் நிறைஞ்சு நிக்குது. நிறைஞ்ச வயலுக்கு இன்னும் தண்ணி விட்டா வெள்ளச் சேதம். பொறுப்பு என்ட தலையில வரும். திறப்பத் தாங்க."

காக்கா கீழ்க்கண்டத்தைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீரின் நுனி இப்போதுதான் கீழ் வரம்பில் தண்ணீர் பாய வெட்டியிருந்த வக்கடையை எட்டியிருந்தது. அதற்கு அங்கால் இரண்டு ஏக்கர், அதற்கும் கீழே காலிதீனுடையது.

"தந்துட்டன் சேர்" என்றார்.

"எங்க தந்த? உங்கட தோள்லதானே இரிக்கி."

"தோள்ல இரிக்கிறதப் பாக்காதீங்க சேர். அது பழைய பார்வை. திறப்பத் தந்துட்டன் எண்டு மனசால நம்புங்க. நம்பினா நடக்கும்."

முகத்தில் சிரிப்பே இல்லை. நான் சொன்னேனே, பகிடி தெரியாத மனிதர். மூன்று நாளும் ஒழுங்காகப் பாடம் படித்தவர் அந்தப் பதினான்கு பேரில் அவர் ஒருவர்தான்.

"காக்கா, விளையாடாதீங்க. எப்ப தருவீங்க?"

"இன்ஷா அல்லாஹ் அறுவடைக்குப் பொறவு தருவன் எண்டு சொல்லியிருப்பன் சேர். நீங்கதான் அந்தச் சொல்லு வேணாம், நடந்துட்டு எண்டே எழுதோணும் எண்டு சொன்ன. படிவம் இரிக்கா? தாங்க, கையெழுத்து வைக்கிறன்."

முர்ஷித் மேடத்தைப் பார்த்தான். "மேடம், திறப்பு திரும்பி வரல்ல எண்டு நான் ஒரு முறைப்பாடு..."

"முறைப்பாடா?" மேடத்தின் முகம் கறுத்தது. "இந்த மாவட்டத்தில் முறைப்பாடு பூச்சியம் என்று இப்போதுதான் கமராவில் சொன்னேன். என் அலகிலிருந்தே ஒரு முறைப்பாடா? உங்கள் மனப்பாங்கில் ஏதோ கோளாறு, முர்ஷித். அவரிடம் படிவத்தைக் கொடுங்கள்."

முர்ஷித் வாகனத்தின் பானட்டில் வைத்து, திறப்பு ஒப்படைக்கப்பட்டது என்று ஒரு படிவத்தை நிரப்பினான். அவனைப் பார்க்கவும் எனக்குப் பாவமாக இருந்தது. வருகிற கிழமை அவனுக்குத்தான் பயிற்சி. காக்கா திறப்பை ஒரு கையால் தோளில் பிடித்துக்கொண்டு மறு கையால் கையெழுத்து வைத்தார். இந்த முறை உதடு அசையவில்லை.

"சாட்சிக்கு ஒராள் வைக்கோணும்" என்றான் முர்ஷித்.

வாகனங்களை இயக்கிவிட்டுப் படிவத்துக்குக் காத்திருந்தார்கள். தண்ணீர் கீழ்க்கண்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. காலிதீன் தன் வயலுக்கு வக்கடை வெட்ட மண்வெட்டியோடு ஓடினான். நான் கீழ்க்கண்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு கதிரை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. நசுக்கினேன், உள்ளே ஒன்றும் இல்லை. இன்னொன்றை நசுக்கினேன். அதிலும் இல்லை. இரண்டு கிழமைக்கு முன் வந்திருக்க வேண்டிய தண்ணீர், இப்போது பதருக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு ஏக்கரில் எவ்வளவு தேறும் என்று எனக்குத் தெரியும், காக்காவுக்கும் தெரியும்.

காக்கா படிவத்தை என்னிடம் நீட்டினார். நான் வழக்கம்போலப் பேனாவைத் திறந்து, கையெழுத்துக் கோட்டைத் தேடினேன். அவர் தன் உள்ளங்கையால் அந்தக் கோட்டை மறைத்துக்கொண்டார்.

"வாசிச்சுப் போட்டு வை, தம்பி."

வாசித்தேன். மேலே இருந்து கீழே வரை, சின்ன எழுத்து நாலு வரியும் சேர்த்து. வாகனம் இரண்டு முறை ஹோர்ன் அடித்தது. முப்பத்தொரு வருடச் சேவையிலும் அதற்குப் பிறகும் நான் முழுசாக வாசித்துவிட்டுக் கையெழுத்திட்ட முதல் கடதாசி அதுதான். அதில் இருந்தது அத்தனையும் பொய்.